மான் எதிரே வந்து நின்றால்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை பற்றி எழுதினேன். அதற்கு அப்புறம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மானைப் பற்றித்தான். ஒரே மாதிரிக் கேட்டிருந்தவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஓர் அண்ணனிடம் கன் லைசென்சும் காட்டுப்பன்றிக்கு வேட்டை லைசென்சும் இருக்கிறது. தோட்டத்து ஓரத்தில் கிஜாங் என்கிற சின்ன மான் அடிக்கடி குறுக்கே வருகிறது. "ஒன்றே ஒன்று சுட்டால் யாருக்கு நஷ்டம்" என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

சுடக் கூடாது. பன்றிக்கு வாங்கிய லைசென்ஸ் பன்றிக்கு மட்டும்தான், வழியில் வந்ததற்கெல்லாம் அது பொருந்தாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது, 2022இல் வந்த திருத்தம் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கிவிட்டது. தீபகற்ப மலேசியாவில் ரூசா என்கிற கடமானுக்கும் கிஜாங்குக்கும் வேட்டை லைசென்ஸ் தருவதை பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறை 2009லேயே நிறுத்தியது, பிறகு அந்தத் தடையை நீட்டித்தார்கள். எனவே "மானுக்கு என்னிடம் பேப்பர் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அவர் பேச்சை நம்பி அவர் வண்டியில் ஏறாதீர்கள், பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சபாவிலும் சரவாக்கிலும் சட்டமே வேறு. அங்கே நடப்பதை இங்கே உதாரணம் காட்ட முடியாது.

"யாருக்கு நஷ்டம்" என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில் காட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று தெரிய வந்தது. அந்தப் புலிக்கு முக்கிய இரையே கடமான், கிஜாங், காட்டுப்பன்றி மூன்றும்தான். 2021இலிருந்து ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேறு வந்து பன்றிகளையும் கொன்றது. கடமான் வயிற்றில் குட்டியை ஏறக்குறைய எட்டு மாதம் சுமக்கிறது, பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். பன்றி மாதிரி கூட்டமாகப் பெற்று இழப்பை ஈடு கட்டுகிற பிராணி இல்லை அது. உங்கள் தோட்டத்து ஓரத்தில் கிஜாங் இன்னும் வருகிறது என்றால் பின்னால் உள்ள காட்டில் கொஞ்சமாவது உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டுவிடுங்கள் தம்பி.

இன்னொன்று. ராத்திரியில் டார்ச் அடித்து, கண் பளபளக்கிறதைப் பார்த்துச் சுடுகிற பழக்கம் சில கூட்டங்களில் இருக்கிறது. கண் மட்டும் தெரிந்தால் அது மானா, மாடா, நாயா என்று எப்படிச் சொல்வது? பால்மரத் தோட்டத்தில் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் எடுக்க மரம் வெட்டப் போகிற அம்மாக்கள் இன்னமும் இருக்கிறார்கள். உடல் முழுவதும் தெரியாமல், பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையில் விரல் வைக்கிறவரோடு நான் ஒருபோதும் காட்டுக்குப் போக மாட்டேன், நீங்களும் போகாதீர்கள்.

ஒராங் அஸ்லி பூர்வகுடி மக்கள் வேட்டையாடலாம், நாம் மட்டும் கூடாதா? இது என்ன நியாயம்?
– வாசகர், செந்தூல்

நியாயம்தான் ஐயா. சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருப்பது, அட்டவணையில் சொன்ன சில விலங்குகளைத் தங்கள் சாப்பாட்டுக்காக வேட்டையாடும் உரிமை. விற்பதற்கு அல்ல. காடுதான் அவர்கள் வீடும் சமையலறையும். நமக்குச் சந்தையில் கோழி கிடைக்கிறது. அவர்களிடம் காசைக் கொடுத்து "ஒரு ரூசா பிடித்துக் கொடு" என்று கேட்கிற நகரத்துக்காரர்களைப் பற்றித்தான் எனக்குக் கோபம் வருகிறது. மாட்டிக்கொண்டால் உள்ளே போவது அந்த ஏழை மனிதர், வாங்கியவர் கார் எடுத்துப் போய்விடுவார்.

மெல்பர்னில் இருக்கும் என் தங்கை மகன் முறைப்படி லைசென்ஸ் எடுத்துக் கடமான் வேட்டைக்குப் போகிறான். அடுத்த வருடம் என்னையும் வரச் சொல்கிறான். இங்கே குற்றம், அங்கே எப்படிச் சரி? நான் என்னென்ன கற்றுக்கொண்டு போக வேண்டும்?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

இங்கே நாம் காப்பாற்றப் போராடுகிற அதே கடமானை 1860களில் வெள்ளைக்காரர்கள் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதைத் தின்ன அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. மலைக்காடெல்லாம் பரவி, இளமரங்களின் பட்டையை உரசி அழிக்கிறது, ஈரநிலத்தைச் சேறாக்குகிறது. அதனால்தான் அங்கே வருடம் முழுவதும் கடமானை நடந்து தேடி வேட்டையாட அனுமதி இருக்கிறது. ஒரே பிராணிதான், இங்கே அது காட்டுக்குச் சொந்தம், அங்கே காட்டுக்குப் பாரம். இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

அனுமதி இருக்கிறது என்பதால் கட்டுப்பாடு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வேட்டை லைசென்ஸ் தனி, துப்பாக்கி லைசென்ஸ் தனி, வெளிநாட்டிலிருந்து போகிறவர் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் அங்கத்திய போலீஸ் அனுமதியைப் பற்றித் தங்கை மகனிடம் சொல்லி முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். கடமானுக்கு .270 காலிபருக்கு (குழலின் விட்டம்) குறையாத ரைபிள், 130 கிரெயினுக்கு (குண்டின் எடை அளவு) குறையாத குண்டு என்பது விதி. காரணம் எளிது: ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும், சின்னக் குண்டு அதைக் கொல்லாது, காயப்படுத்தி நாள்கணக்கில் சாகடிக்கும். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னால் தொடங்கி மறைந்து அரை மணி வரைதான் நேரம். டார்ச் அடித்து வேட்டையாடக் கூடாது.

முதல் தடவை துப்பாக்கி இல்லாமல் கூடப் போங்கள் என்பதுதான் என் யோசனை. பார்க்கக் கற்றுக்கொள்வதற்கே நிறைய நாள் வேண்டும். மானுக்கு மூக்குதான் உயிர். நீங்கள் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் காற்று உங்கள் முதுகிலிருந்து மான் பக்கம் போனால் அந்தப் பள்ளத்தில் அன்றைக்கு ஒன்றும் இருக்காது. காலையில் வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று மேலே போகும், மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும், அதனால் காலையில் மேலிருந்தும் மாலையில் கீழிருந்தும் மெல்ல நகர்கிறவர்கள்தான் மானைப் பார்க்கிறார்கள். ஒரு சின்ன டப்பாவில் டால்கம் பவுடர் வைத்துக்கொண்டு அவ்வப்போது லேசாகத் தட்டினால் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பத்து அடி நடந்தால் நின்று பாருங்கள், நடக்கிற நேரத்தை விட நிற்கிற நேரம் கூடுதலாக இருக்கட்டும். முழு மானைத் தேடினால் கிடைக்காது, காது அசைவது, முதுகின் படுக்கைக் கோடு, ஈரமான மூக்கு, இப்படித் துண்டு துண்டாகத்தான் கண்ணில் படும். உங்களை உணர்ந்துவிட்டால் கடமான் முன்காலால் தரையை உதைக்கும், கார் ஹார்ன் மாதிரி ஒரே அடியாகக் கத்தும். ஆரஞ்சு நிறத்தை மான் நம்மைப் போலப் பளிச்சென்று பார்ப்பதில்லை, ஆனால் மற்ற வேட்டைக்காரர் பார்ப்பார், ஆகையால் ஆரஞ்சுத் தொப்பி அணியத் தயங்காதீர்கள்.

சுடும் தருணம் வந்தால், பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு முன்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் கீழ்ப்பாதியில்தான் இதயமும் நுரையீரலும். தலையைக் குறிவைக்காதீர்கள், தலை அசைந்துகொண்டே இருக்கும், தாடை உடைந்து ஓடிய மான் பட்டினியில் சாகும். ஓடுகிற மானைச் சுடாதீர்கள். உங்கள் பக்கம் நெஞ்சைக் காட்டி நிற்பதும் புட்டத்தைக் காட்டி நிற்பதும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் துப்பாக்கியைக் கீழே இறக்குங்கள். சும்மா பார்த்துவிட்டுத் திரும்பி வருவதும் வேட்டைதான், நல்ல வேட்டைக்காரர்கள் பெரும்பாலான நாள் அப்படித்தான் வருகிறார்கள்.

அடிபட்ட மான் ஓடிவிட்டால் என்ன செய்வது? உடனே துரத்த வேண்டுமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி. இதற்குத் தெளிவான பதில் தெரியாதவர் முதல் குண்டையே சுடக் கூடாது.

உடனே துரத்தாதீர்கள். சுட்ட இடத்திலிருந்து நகராமல், மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட மரத்தையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள், போனில் படமும் எடுங்கள். கொஞ்சம் பொறுத்து நின்ற இடத்துக்குப் போய் ரத்தத்தைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரலில் பட்டிருக்கிறது, அரை மணிக்குள் அருகிலேயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் நேரம் கொடுக்க வேண்டும். பச்சையாக, நாற்றத்தோடு ஏதாவது இருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது, அந்த மான் அருகிலேயே படுத்துவிடும், ஆனால் நீங்கள் விரட்டினால் எழுந்து மைல்கணக்கில் போய் வலியில் சாகும். பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். பொறுக்க முடியாது என்றால் வயிற்றில் படும்படி சுடவே கூடாது.

ரத்தம் கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் டிஷ்யூ பேப்பரைக் கிளையில் சொருகிவிட்டுப் போங்கள், திரும்பிப் பார்த்தால் மான் போன திசை ஒரு கோடாகத் தெரியும். ரத்தம் நின்றால் குழப்பம் வேண்டாம், கடைசி அடையாளத்திலிருந்து வட்டமாக நடந்து தேடுங்கள். காயம்பட்ட மான் பெரும்பாலும் இறக்கம் பார்த்து, தண்ணீர் பக்கம் போகும். நேரம் போகிறதே என்று விட்டுவிட்டு வேறு மானைத் தேடிப் போவது மிகவும் கேவலம். அதைக் கண்டுபிடிக்கும் வரை அந்த நாளின் வேட்டை அதுதான்.

கிடைத்த பிறகு இறைச்சியை வேகமாக ஆற விடுங்கள், வயிற்றை உடனே காலி செய்து நிழலில் கட்டித் தொங்கவிட்டால் கெடாது. ஈயக் குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக இறைச்சியை வெட்டி எறிந்துவிடுங்கள். ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் காயத்திலிருந்து தள்ளியும் பரவியிருக்கும், அது குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ஈயம் இல்லாத செம்புக் குண்டு கிடைத்தால் அதையே வாங்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் "காட்டு மான் இறைச்சி, ஃபிரெஷ்" என்று விற்கிறார்கள். மாமாவுக்கு முட்டிவலி, மான் கறி நல்லது என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, காஜாங்

வாங்காதீர்கள் அம்மா. "காட்டு" என்று பெருமையாகப் போட்டிருப்பதே எச்சரிக்கை. கண்ணியில் மாட்டி ஒன்றிரண்டு நாள் உயிரோடு கிடந்ததா, எப்போது செத்தது, எந்த ஐஸில் கிடந்தது, எதுவும் உங்களுக்குத் தெரியாது. சட்டவிரோதமாகப் பிடித்த வனவிலங்கு இறைச்சியை வைத்திருப்பதே குற்றம், வாங்குகிறவருக்கும் அது பொருந்தும். முட்டிவலிக்கு மான் கறியால் குணம் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, மாமாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ருசிக்காகத்தான் வேண்டும் என்றால் நியூசிலாந்திலிருந்து வரும் பண்ணை மான் இறைச்சி பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் சில நேரம் கிடைக்கும், லேபிளும் ரசீதும் இருக்கும்.

நானும் நண்பர்களும் ஃபிரேசர்ஸ் ஹில் பக்கம் நடக்கப் போவோம். மாலையில் நாய் குரைப்பது மாதிரி ஒரு சத்தம், நிற்கவே இல்லை. வழிகாட்டி கிஜாங் என்றார். புலி வந்திருக்கிறது என்று அர்த்தமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

கிஜாங்காகத்தான் இருக்கும், தமிழ்நாட்டில் கேளையாடு என்பார்கள். பயந்தால் ஒரே தொனியில் விட்டு விட்டு நிமிடக்கணக்கில் குரைக்கும். புலிக்கும் குரைக்கும், உங்களுக்கும் குரைக்கும், அதனால் பதற வேண்டாம். சத்தம் வந்த பக்கம் போகாமல் அதே பாதையில் சேர்ந்தே நடங்கள். காலையில் பாதையோர ஈர மண்ணைக் கவனித்தால் தடம் தெரியும்: கிஜாங்கின் தடம் சின்னது, கூர்மையானது, கடமானுடையது கன்றுக்குட்டியின் குளம்பைப் போல அகலம். கட்டைவிரல் தடிமனில் இருக்கும் இளமரத்தில் பட்டை உரிந்து கசிந்திருந்தால் ஆண் கடமான் கொம்பை உரசிய இடம். குட்டியோடு மானைக் கண்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கிட்டே போகாதீர்கள். குட்டி தனியாகப் படுத்திருந்தால் அநாதை என்று நினைத்துத் தூக்கிவிடாதீர்கள், தாய் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

தோட்டத்துக்குப் பின்னால் காட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியால் செய்த சுருக்குக் கண்ணியைப் பார்த்தோம். கழற்றிவிடலாமா?
– வாசகர், கெப்போங்

கையில் எடுத்துக்கொண்டு வராதீர்கள். கண்ணியை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம், வழியில் சோதனை வந்தால் நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வைத்தவன் அருகிலேயே இருக்கக்கூடும், அவனிடம் துப்பாக்கியும் இருக்கலாம். போனில் இடத்தைக் குறித்து, தூரத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டு வந்து பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள், அவர்களின் இலவச எண் 1-800-88-5151. ஓய்வு பெற்ற படைவீரர்களும் ஒராங் அஸ்லி இளைஞர்களும் சேர்ந்து இப்போது காட்டில் ரோந்து போகிறார்கள், எந்த மடுவில், எந்தச் சரிவில் என்று தெரிந்தால் அவர்களுக்குப் பெரிய உதவி.

கண்ணிக்கு ஆள் தெரியாது, மான் தெரியாது, புலி தெரியாது, குட்டி தெரியாது, எது வந்தாலும் இறுக்கும். மாட்டிய மான் தன் கால் அறுந்து தொங்கும் வரை இழுத்துப் போராடும். வேட்டைக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் யாரும் இதை வேட்டையோடு சேர்த்துப் பேசக் கூடாது. ஒரே இடத்தில் ஒரு கண்ணி மட்டும் வைப்பது அபூர்வம், ஒன்று கண்ணில் பட்டால் அந்தப் பாதையில் இன்னும் பல இருக்கும். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் நாயைக் கூட்டிப் போகாதீர்கள்.