734 கெஜமும் 716 கெஜமும்

கேள்வி: எங்கள் ஊர் யுனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் டீமின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) இந்த சீசனில் ஒரே ஆட்டத்தில் 500 கெஜத்துக்கு மேல் பாஸ் வீசினார். என்எஃப்எல் என்ற புரொஃபஷனல் லீகுக்குப் போனாலும் கலக்குவார் என்பது என் கட்சி. ஆபீஸ் நண்பரோ, "அவன் வெறும் சிஸ்டம் குவார்ட்டர்பேக், கோச்சின் திட்டத்தால்தான் ஜொலிக்கிறான், புரொஃபஷனல் ஆட்டத்தில் காணாமல் போய்விடுவான்" என்கிறார். தோற்றவர் வீட்டில் பிரியாணி என்று பந்தயம். யார் சமைக்க வேண்டியிருக்கும்?

- ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: இப்போதைக்கு இரண்டு வீட்டிலும் அடுப்பை மூட்டுங்கள். உங்கள் காரணமும் தப்பு, நண்பர் காரணமும் தப்பு.

முதலில் உங்கள் 500 கெஜம். டேவிட் கிளிங்ளர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் குற்றமில்லை, உங்கள் மாநிலமே ஏறக்குறைய மறந்துவிட்டது. 1990-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக். அந்த ஒரு சீசனில் 11 ஆட்டங்களில் 5,140 கெஜம், 54 டச் டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் போய் ஸ்கோராகும் பாஸ்). ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற பாவப்பட்ட டீம் ஒன்று மாட்டியது. அன்றைக்கு மட்டும் 11 டச் டவுன். டிசம்பரில் டோக்கியோவுக்குப் போய் அரிசோனா ஸ்டேட்டுக்கு எதிராக 716 கெஜம். உங்கள் பையனின் 500 இதன் பக்கத்தில் குட்டித் தம்பி. 1992 டிராஃப்ட்டில் (காலேஜ் ஆட்டக்காரர்களை என்எஃப்எல் டீம்கள் வரிசை போட்டு எடுக்கும் நிகழ்ச்சி) சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை 6-வது ஆளாக எடுத்தது. அதற்கப்புறம் சொல்ல அதிகமில்லை. அங்கே தோற்று, ஓக்லாந்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்டத்தை விட்டு, இறையியலில் முனைவர் பட்டம் வாங்கி ஒரு செமினரியில் பைபிள் பேராசிரியர் ஆனார். பெங்கால்ஸ் லைனுக்கு, அதாவது குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்குப் பின்னால் நின்றவருக்குப் பிரார்த்தனையில் நம்பிக்கை வந்ததில் ஆச்சரியமென்ன! அவருக்கு முன்னால் அதே ஹூஸ்டனில் ஆடிய ஆண்ட்ரே வேர் காலேஜ் ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான 1989-ன் ஹைஸ்மன் கோப்பையையே வாங்கியவர். டெட்ராய்ட் லயன்ஸ் 7-வது ஆளாக எடுத்தது. அதே கதைதான்.

இதைப் படித்துவிட்டு நண்பர் மீசையை முறுக்குவார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

2016 அக்டோபர் 22, லப்பக் நகரம். டெக்சாஸ் டெக்கும் ஓக்லஹோமாவும் மோதின. டெக் குவார்ட்டர்பேக் 88 தடவை வீசி 734 கெஜம் எடுத்தார். எடுத்தும் 66–59 என்று தோற்றார். எதிர்ப்பக்கம் ஏழு டச் டவுன் வீசியவர் பேக்கர் மேஃபீல்ட். இரண்டு டீம் டிஃபென்ஸும் அன்றைக்கு வீட்டிலேயே தங்கிவிட்டது என்றுதான் நினைக்க வேண்டும். டெக் ஆடியது 'ஏர் ரெய்டு': பந்தைப் பிடிக்கும் நாலு ரிசீவர்களை அகலமாகப் பரப்பி நிறுத்தி, ஓடுவதை மறந்துவிட்டு வீசிக்கொண்டே இருக்கும் ஆட்டம். அங்கிருந்து வருகிற குவார்ட்டர்பேக்குகளைப் பற்றி, ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் பேசிய பேச்சைத்தான் உங்கள் நண்பர் இப்போது வார்த்தை மாறாமல் பேசுகிறார். 2017 டிராஃப்ட்டில் சிகாகோ பேர்ஸ், காலேஜில் 13 ஆட்டம் மட்டுமே ஸ்டார்ட் பண்ணிய மிட்செல் ட்ரூபிஸ்கியை 2-வது ஆளாக எடுத்தது. அந்த 734 கெஜக்காரரை எடுக்க கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 27-வது இடத்திலிருந்து 10-வது இடத்துக்கு விலை கொடுத்து ஏறி வந்தது. பெயர் பேட்ரிக் மஹோம்ஸ். மீதியை உங்கள் நண்பருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: முழுதாக ஆடிய முதல் சீசனிலேயே 50 டச் டவுன், லீகின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது, அப்புறம் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் மூன்று வெற்றி.

ஒரே மாநிலம், ஏறக்குறைய ஒரே மாதிரி வீச்சு ஆட்டம், எண்ணில் 18 கெஜம்தான் வித்தியாசம். ஒருவர் பேராசிரியர், ஒருவர் மஹோம்ஸ். ஆக, 'பெரிய நம்பர்' என்ற உங்கள் வாதமும் 'சிஸ்டம்' என்ற அவர் வாதமும் ஒரே குழியில் விழுகின்றன.

ரஞ்சியில் அடித்தவன் டெஸ்ட்டில் அடிப்பானா என்கிற மாதிரிதானே என்று கேட்காதீர்கள். ரஞ்சியிலும் டெஸ்ட்டிலும் பிட்ச் 22 கெஜம்தான். இங்கே மைதானத்துக் கோடே வேறு. புல்லில் இரண்டு வரிசையாகச் சின்னக் கோடுகள் போகுமே, ஹேஷ் மார்க்; ஒவ்வொரு தடவையும் பந்து அவற்றுக்குள்ளிருந்துதான் கிளம்ப வேண்டும். காலேஜில் இரண்டு வரிசைக்கும் நடுவே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். காலேஜில் பந்து ஒரு ஓரத்தில் நின்றால் மறு ஓரம் பொட்டல்வெளி மாதிரி திறந்து கிடக்கும். அத்தனை புல்லையும் காவல் காக்கக் காலேஜ் டிஃபென்ஸில் ஆள் பற்றாது. என்எஃப்எல்லில் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில்தான், மூலையெல்லாம் அடைபட்டிருக்கும். காலேஜில் ரிசீவர் ஒரு கால் உள்ளே வைத்தால் கேட்ச். மேலே போனால் இரண்டு கால். அகலத்தில் இரண்டு மைதானமும் ஒன்றுதான், ஆனால் ஓரத்தில் வீசுகிறவனுக்கு அந்த ஒரு கால் பெரிய நிலம். உங்கள் ஆளின் 500 கெஜத்தில் எத்தனை கெஜம் இந்தப் புறம்போக்கில் விளைந்தது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

இன்னொன்று, யோசிக்கிற வேலையை யார் செய்கிறார் என்பது. காலேஜ் ஆட்டத்தில் கவனித்திருப்பீர்கள்: வரிசையில் நின்ற பிறகு பதினொரு பேரும் ஒரே சமயத்தில் கோச் பக்கம் தலையைத் திருப்புவார்கள். ஓரத்தில் நாலு பேர் படம் போட்ட அட்டைகளைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். டிஃபென்ஸைப் படித்து ஆட்டத்தை மாற்றுகிறவர் கோச். பையன் கைதான் வாடகைக்கு. 2024-லிருந்து பெரிய காலேஜ்களிலும் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டது என்றாலும் பழக்கம் போகவில்லை. என்எஃப்எல்லில் பந்தை எடுப்பதற்கான கடிகாரத்தில் 15 வினாடி இருக்கும்போது கோச்சின் குரல் அறுந்துவிடும். அதற்குமேல் எதிரில் யார் பாயப்போகிறான், யார் பாய்வதுபோல் நடிக்கிறான் என்று பார்த்து, தன் லைனுக்குக் கத்தி, ஆட்டத்தை மாற்றுவதெல்லாம் அவன் பாடு. 500 கெஜம் வீசியபோது இதில் எவ்வளவு அவன் செய்தான்? டிவி ஸ்கோர் கார்டில் அந்தக் கணக்கு வராது.

அப்படியானால் எதுதான் மேலே போகும்? என் அபிப்பிராயம் இது, ஒத்துக்கொள்ளாவிட்டால் கோபமில்லை. மஹோம்ஸைக் காப்பாற்றியது ஏர் ரெய்டு அல்ல. ஏர் ரெய்டு உடைந்த நேரங்களில் அவர் செய்ததுதான். டெக் டிஃபென்ஸ் அவ்வளவு ஓட்டை. எப்போதும் பின்தங்கித்தான் ஆட வேண்டும், திட்டம் குலைந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் குலைவில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே, இடுப்புக்குக் கீழிருந்துகூட வீசப் பழகினார். அப்பா பெரிய லீகில் பேஸ்பால் பிட்சர், மகனும் பேஸ்பால் வீசியவர். எந்தக் கோணத்திலும் வளையும் கை அந்த வீட்டுச் சொத்து. அதனால் உங்கள் ஆளின் டச் டவுன் தொகுப்பு வீடியோவை மூடுங்கள். முதல் ரிசீவர் மறைக்கப்பட்டு, ஒருவன் முகத்துக்கு நேரே பாய்ந்து வரும்போது அவர் கண் எங்கே போகிறது, கால் எங்கே போகிறது என்று பாருங்கள். கண் தரைக்கு இறங்கினால் நண்பர் பிரியாணி சாப்பிடத் தயாராகலாம்.

ஆனால் அதுவும் பாதிதான். மறுபாதி அவர் எங்கே போய் விழுகிறார் என்பது. மஹோம்ஸ் முதல் வருஷம் ஒரே ஓர் ஆட்டம்தான் ஸ்டார்ட் பண்ணினார், சீசனின் கடைசி ஆட்டம். மற்ற நாளெல்லாம் அலெக்ஸ் ஸ்மித் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்மித் யார்? 2005 டிராஃப்ட்டின் முதல் ஆள். சான் ஃபிரான்சிஸ்கோ அவருக்கு முதல் நாலு சீசனில் நாலு அஃபென்ஸ் கோச்சுகளைக் கொடுத்தது. வருஷா வருஷம் புதுப் பாஷை. வீணாய்ப்போன பையன் என்று ஊர் முடிவுகட்டிய பிறகு, நல்ல கோச் கிடைத்துத்தான் தேறினார். உங்கள் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் 2002-ல் டேவிட் கார் என்பவரை முதல் ஆளாக எடுத்து, புத்தம்புது டீமின் லைனுக்குப் பின்னால் முதல் நாளே நிறுத்தியது. ஒரே சீசனில் 76 தடவை சாக், அதாவது வீசுமுன்பே மடக்கித் தரையில் தள்ளப்பட்டார். லைனுக்குப் பின்னாலுள்ள பாக்கெட்டில் நிற்கும் ஆசை யாருக்குத்தான் மிச்சமிருக்கும்?

எடுக்கிறவர்களுக்காவது தெரியுமா என்றால், 2018 டிராஃப்ட்டைப் பாருங்கள். முதல் ரவுண்டில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள். வயோமிங் காலேஜில் வீசியதில் 56 சதவீதம் மட்டுமே ரிசீவர் கையில் சேர்த்த ஜாஷ் ஆலனைப் பார்த்து, குறி தவறுகிறவன் மேலே போனாலும் குறி தவறுவான் என்று புள்ளிவிவரப் புலிகள் உறுமினார்கள். முதல் வருஷம் 53-கூட வரவில்லை. மூன்றாம் வருஷம் 69. ரிசீவராக மாறிவிடு என்று புத்தி சொல்லப்பட்ட லமார் ஜாக்சன் 32-வது ஆளாகப் போய் இரண்டு எம்விபி வாங்கினார். தயாராக வந்தவர் என்று பெயரெடுத்த ஜாஷ் ரோசனை எடுத்த அரிசோனா, அடுத்த வருஷமே கைலர் மர்ரேயை எடுத்துவிட்டு அவரை மயாமிக்குத் தள்ளிவிட்டது. சாம் டார்னால்ட் நியூயார்க்கில் தோற்றார், கரோலினாவில் தோற்றார். 2024-ல் மினசோட்டாவில் 14 ஆட்டம் ஜெயித்தார். 2020-ல் யாராவது அவர் பெயரில் பந்தயத்தைத் தீர்த்திருந்தால், தப்பான வீட்டில் சமைத்திருப்பார்கள்.

உங்கள் பந்தயத்தில் கெடு எதுவும் போட்டதாகத் தெரியவில்லை. முதலில் அதைப் போடுங்கள், மூன்று சீசனுக்குக் குறையாமல். பிறகு, எந்த டீம் எடுக்கிறது என்று டிராஃப்ட்டில் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்த டீமின் லெஃப்ட் டாக்கிள் (லைனில் இடப்பக்கம் நின்று குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்) யார், ஹெட் கோச்சின் நாற்காலி எவ்வளவு ஆடுகிறது, இந்த இரண்டையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். யார் வீட்டில் அரிசி ஊறப்போட வேண்டும் என்று அப்போது ஓரளவு சொல்லிப் பார்க்கிறேன்.