வீடியோ காலில் மனசைத் திறக்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 27 வயது, தொழிற்சாலையில் வேலை. சுங்கை சிப்புட் பக்கம் பழைய எஸ்டேட் வீட்டில் அம்மா, அப்பா, தம்பியோடு இருக்கிறேன். சில மாதங்களாகத் தூக்கம் சரியில்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, கோயில் திருவிழாவுக்குக்கூடப் போகப் பிடிக்கவில்லை. அரசாங்க கிளினிக்குக்குப் போகலாம் என்றால் அங்கே பாதிப் பேர் அம்மாவுக்குத் தெரிந்தவர்கள். "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று பேச்சு கிளம்பினால் வருகிற வரனும் நின்றுபோகும். பேஸ்புக்கில் ஆன்லைன் கவுன்சலிங் விளம்பரம் நிறைய வருகிறது, ஒரு மணி நேரத்துக்கு 150 வெள்ளி கேட்கிறார்கள். நம்பிப் போகலாமா?
– ம., சுங்கை சிப்புட்

பதில்: போகலாம் தங்கச்சி. ஆனால் காசு கட்டுவதற்கு முன்னால் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் பேசும் என்ற உங்கள் பயம் நியாயமானது, அதைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911-இல் திறந்தது, அன்றிலிருந்து நம் பேராக் ஆட்கள் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லியே ஒருத்தரை ஒருத்தர் நோகடித்துக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடக்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ! 2023-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தது. கிட்டத்தட்ட 10 லட்சம் பேர். 2019-இல் இது 2.3 விழுக்காடுதான். உங்கள் லைன் வீட்டு வரிசையிலேயே இன்னொருத்தர் இதே மாதிரி ராத்திரியில் விழித்துக்கொண்டிருக்கலாம்.

சரி, விளம்பரத்துக்கு வருவோம். ஆன்லைனா நேரிலா என்பதைவிட, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டு கவுன்சலர்கள் சட்டம் இருக்கிறது. கவுன்சலர் என்று சொல்லித் தொழில் செய்பவர் லெம்பாகா கவுன்சலரில் (கவுன்சலர்கள் வாரியம்) பதிந்து, தொழில் நடத்தும் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் கே.பி. (KB, பதிவு), பி.ஏ. (PA, சான்றிதழ்) என்ற எழுத்துகளோடு எண் இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் அவருக்கு வேறு சட்டம், வேறு பதிவு. சைக்கியாட்ரிஸ்ட் என்றால் அவர் டாக்டர், மருந்து எழுத அவரைப் போன்ற டாக்டரால்தான் முடியும், கவுன்சலரால் முடியாது. புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி அனுப்பிப் பதிவு எண் கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபிக்கமாட்டார், உடனே அனுப்புவார். "லைஃப் கோச்", "எனர்ஜி ஹீலர்" என்று மழுப்பினாலோ, மூன்றே வாரத்தில் சரியாக்குகிறேன் என்றாலோ, பத்து தடவைக்குச் சேர்த்து இப்போதே கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்தினாலோ விட்டுவிடுங்கள். தமிழில் பேசுவாரா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், அழும்போது யாருக்கும் இங்கிலீஷ் வராது.

அப்புறம் உங்கள் பக்கம். இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. எஸ்டேட் வீட்டில் சுவர் கூரைவரை போகாது, இந்த அறையில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அம்மா டிவி பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் போர்வைக்குள் காதில் மாட்டிக்கொண்டு "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த 150 வெள்ளி வீண்தான். காரை எங்காவது வெளிச்சமான இடத்தில் நிறுத்தி உள்ளே உட்கார்ந்து பேசுங்கள், இல்லை நம்பிக்கையான தோழி வீட்டில் ஓர் அறை கேளுங்கள். செம்பனைக்கு நடுவில் லைன் போய்ப் போய் வரும், நீங்கள் மனசு உடைந்து பேசிக்கொண்டிருக்கும்போது திரையில் அவர் முகம் அப்படியே நின்றுவிட்டால் எவ்வளவு கஷ்டம்! அதனால் வீடியோ வேண்டாம், வெறும் குரலிலேயே பேசலாம் என்று கேளுங்கள், லைன் அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் கிளினிக்கை முழுசாக ஒதுக்கிவிடாதீர்கள். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் சோர்வும் மனவாட்டமும் வரும். அதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும், திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரால் ரத்தம் எடுக்க முடியாது. கவுன்டரில் மனசு சரியில்லை என்று அறிவிக்க வேண்டிய அவசியமே இல்லை, தூக்கம் வரவில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் போதும். மீதியைக் கதவைச் சாத்திய பிறகு டாக்டரிடம் சொல்லுங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். இங்கே வேண்டாம் என்றால் கோலகங்சார், ஈப்போ பக்கம் போங்கள், அங்கே யாருக்கு உங்கள் அம்மாவைத் தெரியும்? மனநல நிபுணரிடம் அனுப்ப வேண்டியிருந்தால் அவர்களே கடிதம் தருவார்கள். ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் மாதம் ஒன்றோ இரண்டோ முறை ஆன்லைனில் பேசுவது என்று வைத்துக்கொண்டால் சம்பளத்துக்கும் தாங்கும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்காமல் விட மனமில்லை. செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் ஆன்லைன் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் லைன் 15555, பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பு 03-76272929, உயிருக்கு ஆபத்து என்றால் 999. தமிழ் பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பலர் இன்னும் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவை 2023-லேயே எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: படிவம் 5 படிக்கும் என் மகன் ராத்திரி ஒரு மணிவரை கைப்பேசியில் ஏஐ-யோடு தன் கவலையெல்லாம் பேசுகிறான். எங்களிடம் வாயே திறப்பதில்லை. பிடுங்கி வைத்துவிடலாமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: பிடுங்காதீர்கள் அம்மா. இப்போதைக்கு அவன் வாய் திறக்கிற ஒரே இடம் அதுதான். ஆனால் அது கவுன்சலர் கிடையாது. கவுன்சலர் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது, பையன் ஆபத்தில் இருந்தால் அதனால் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டவும் முடியாது, அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே போகவும் வாய்ப்பு உண்டு. என்ன எழுதினான் என்று திருட்டுத்தனமாகப் பார்க்காதீர்கள், தெரிந்துவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும். காரில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விடும்போது, முகத்தைப் பார்க்காமல், "ராத்திரி தூங்குறதில்லையே, என்னப்பா பாரம்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த வாரமும் கேளுங்கள். இடைநிலைப்பள்ளியில் முழுநேர கவுன்சலிங் ஆசிரியர் இருப்பார், அவரைப் பார்க்கலாமா என்று அவனிடமே கேட்டு, அவன் சரி என்ற பிறகு போங்கள். உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொன்னால் வருத்தப்படாதீர்கள், என்ன சொன்னான் என்று அவரை நச்சரிக்கவும் வேண்டாம்.