வானை விற்றுவிட்டு, கண்ணில் படாத சின்னக் கார் ஒன்றை லீசிங்கில் எடுப்பதென்றால் யாழ்ப்பாணத்தில் எது நல்லது?

வானை விற்றுவிட்டீர்கள், பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில், வீட்டில் இனி நீங்களும் மனைவியும் வயதான அம்மாவும்தான், ஊரார் திரும்பிப் பார்க்காத சின்னக் கார் ஒன்றை லீசிங்கில் எடுக்க வேண்டும், எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே யோசனையில் ஒரு வருடம் அலைந்து கடைசியில் எடுத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அம்மா கூட வருவார் என்றால் ஜப்பான் 660 சிசி வேகன் ஆர். காசு இன்னும் இறுக்கம் என்றால், கியர் மாற்றி ஓட்டுவதும் பிரச்சினை இல்லை என்றால், 800 சிசி அல்டோ. கொழும்புக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் மட்டும் விட்ஸ் அல்லது பாசோ மாதிரி 1000 சிசி கார் ஒன்றைப் பாருங்கள், ஏனென்றால் கொழும்புவரை கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் ஏசியும் போட்டுக்கொண்டு நான்கு பேருடன் போவது 660 சிசி எஞ்சினுக்குக் கொஞ்சம் அதிகம். இவ்வளவுதான் என் பதில். ஆனால் காரைத் தெரிவுசெய்வதை விட லீசிங்கைத் தெரிவுசெய்வதில்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள், அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது அப்பாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. அப்பா பொனற்றைத் திறந்து, இருமல் மருந்துப் போத்தலில் பத்திரமாக வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விடுவார், எஞ்சின் பிடித்து உறுமத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார், வெள்ளைப் புகை முற்றம் முழுக்கப் பரவும். ஊரில் எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார் அது. அதை மாற்றுவோம் என்று வீட்டில் வாய் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து மாதம் இரண்டு தரம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் காலை, காங்கேசன்துறை வீதியில் கொக்குவில் சந்திக்குக் கிட்ட அது நின்றுவிட்டது. வெயிலில் அவரைத் தூக்கி ஓட்டோவுக்குள் இருத்தினேன். "இதை இனி வீட்டில விடு தம்பி" என்று அவரே சொன்னார். அதனால் எனக்கு வேண்டியிருந்தது அழகான கார் அல்ல, காலை ஆறரைக்குச் சாவியைத் திருப்பினால் ஓட வேண்டும், ஒரு கால் இழுபடுகிற மனிதர் ஏறி இறங்க முடிய வேண்டும்.

இதில்தான் வேகன் ஆர் வென்றது. ஜப்பானில் இந்தச் சிறு கார்களுக்குச் சட்டமே அளவு வைத்திருக்கிறது, நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள், எஞ்சின் 660 சிசிக்குள். நீளத்தையும் அகலத்தையும் கட்டிவிட்டதால் அவர்கள் உயரத்தில் கூட்டியிருக்கிறார்கள். இருக்கை கதிரை உயரத்துக்கு இருக்கும், குனிந்து உள்ளே விழத் தேவையில்லை, அப்படியே பின்பக்கத்தை வைத்து இருந்துவிட்டுக் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுக்கலாம். அல்டோவில் அப்பாவை இருத்திப் பார்த்தேன், இறங்கும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பவே முடியவில்லை. அல்டோவில் குறை என்று நான் சொல்லவில்லை, இளம் குடும்பத்துக்கு அதைப் போல செலவு குறைந்த கார் இல்லை, 12 அங்குல ரயர், எளிமையான கார், சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ எந்தக் கராஜிலும் திருத்தலாம்.

எங்கள் ஒழுங்கைகளையும் நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மதில், நடுவில் ஒரு மாட்டு வண்டி போக விட்ட அகலம், எதிரில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். வானோடு நீங்கள் இத்தனை வருடம் பட்ட பாடு சின்னக் காரில் பாதியாகக் குறையும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதி மூடியிருக்கும்போது யாருடைய வளவுக்குள் என்றாலும் ஒரு மூலையில் செருகிவிடலாம்.

கண்ணில் படாத கார் என்று கேட்டிருக்கிறீர்கள், அது எனக்கு நன்றாக விளங்குகிறது. பிள்ளைகள் வெளியில் இருக்கிற வீட்டு வாசலில் பெரிய ஜீப் ஒன்று நின்றால் காசு வந்து கொட்டுகிறது என்று கதை கட்டுவார்கள், ஒவ்வொரு நன்கொடை றசீதுப் புத்தகமும் உங்கள் படலைக்கு வரும், வயதானவர்கள் தனியே இருக்கும் வீடு என்றால் கள்ளர் பயமும் உண்டு. எந்தச் சந்தியிலும் பத்து நிற்கிற கார்தான் கண்ணில் படாத கார். வேகன் ஆரும் அல்டோவும் அப்படித்தான், கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். நிறத்தில் வெள்ளி நிறம் எடுங்கள். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூசி கறுப்புக் காரில் அரை மணித்தியாலத்தில் தெரியும், கிணற்றுத் தண்ணீரால் கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டு வைக்கும். வெள்ளி நிறத்தில் இரண்டும் அடங்கிவிடும். இதே தண்ணீரை றேடியேற்றருக்குள் விடாதீர்கள், உள்ளே சுண்ணாம்பு படிந்து அடைத்துவிடும், கூலன்ற்தான் விட வேண்டும். பழைய கார் பார்க்கும்போது விற்பவர் அதற்குள் என்ன விட்டிருந்தார் என்று மூடியைத் திறந்து பாருங்கள், ஆனால் எஞ்சின் ஆறிய பிறகுதான்.

அடுத்தது கறள். எங்களைச் சுற்றி மூன்று பக்கமும் கடல். தீவுப்பகுதியிலிருந்து பண்ணைப் பாலத்தால் தினமும் வந்துபோன கார், குருநகர், பருத்தித்துறைக் கரையோரம் நின்ற கார் என்றால் மேலே பளபளப்பாக இருந்தாலும் அடியில் உப்பு தின்றிருக்கும். நான் பார்த்த முதல் வேகன் ஆர் அப்படித்தான். மெக்கானிக் அண்ணை காரைத் தூக்கி, பின்சில்லுக்கு மேலே தகரத்தை ஒரு ஸ்குறூட்றைவரால் மெல்லத் தட்டினார், மூன்றாவது தட்டில் அது உள்ளே போய்விட்டது. மேலே புதுப் பெயின்ற். தரையில் போட்டிருக்கிற காபெற்றையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார், அதன் கீழே ஈரம். மீற்றரில் 60 ஆயிரம் என்று காட்டியது, பிரேக் பெடலின் றப்பரோ வழுவழு என்று தேய்ந்திருந்தது. அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அவருக்கு நான் கொடுத்த காசு போல வேறெதுவும் எனக்குப் பயன்பட்டதில்லை. கட்டாயம் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், விற்பவரின் மெக்கானிக்கை நம்பாதீர்கள். வேகன் ஆரில் எஞ்சின் சந்தியில் தானாக நின்று தானாகப் பிடிக்கும் வசதி உள்ளது என்றால் அதற்கென்றே செய்த பற்றரிதான் போட வேண்டும், அது சாதாரண பற்றரியை விட விலை கூட. ஹைபிரிட் என்றால் சிறிய லிதியம் பற்றரி ஒன்றும் இருக்கும், அதையும் ஸ்கான் பண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, லீசிங். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் சொல்கிற லீசிங் வேறு, இங்கே வேறு. அங்கே சில வருடம் வாடகை மாதிரிக் கட்டி ஓடிவிட்டுக் காரைத் திருப்பிக் கொடுக்கலாம். இங்கே நீங்கள் தவணை கட்டி முடிக்கும்வரை பதிவுப் புத்தகத்தில் பதிவு உரிமையாளராக உங்கள் பெயரும் முழு உரிமையாளராக லீசிங் கொம்பனியின் பெயரும் இருக்கும், முடிந்ததும் அவர்களின் பெயர் நீங்கி கார் உங்களுடையதாகும். திருப்பிக் கொடுக்கிற கதை இல்லை, தவணை தவறினால் தூக்கிக்கொண்டு போகிற கதைதான் உண்டு. 2009க்குப் பிறகு இங்கே லீசிங் கொம்பனிகள் வரிசையாக வந்தபோது எத்தனை பேருடைய ஓட்டோவும் லாண்ட்மாஸ்டரும் அப்படிப் போனது என்று உங்களுக்கும் தெரியும்.

காரின் முழு விலைக்கும் லீசிங் கிடைக்காது. மதிப்பின் எத்தனை வீதம் தரலாம் என்று மத்திய வங்கி வரம்பு வைத்திருக்கிறது, அது இடைக்கிடை மாறும், போகிற அன்று கேளுங்கள். அந்த மதிப்பும் விற்பவர் சொல்கிற விலை அல்ல, கொம்பனி ஏற்கிற மதிப்பீட்டாளர் எழுதுகிற விலை. விற்பவர் 40 இலட்சம் கேட்டு மதிப்பீட்டாளர் 36 என்று எழுதினால், இடையில் இருக்கிற 4 இலட்சமும் உங்கள் கைக்காசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள், அந்த ஐந்து வருடத்தில் பழைய சின்னக் கார்களின் விலை ஏறி நின்றதால் கேட்கிற விலையும் மதிப்பும் ஒத்துவராத இடங்கள் நிறைய. வான் விற்ற காசை முழுவதும் முற்பணமாகப் போட்டுவிடாதீர்கள், ஆறு மாதத் தவணையைத் தனியாக வங்கியில் விட்டுவிட்டு மிச்சத்தைப் போடுங்கள்.

வட்டியைக் கேட்கும்போது கவனம். நான் முதலில் போன இடத்தில் மேசைக்கு அந்தப் பக்கமிருந்த பிள்ளை மிகவும் மரியாதையாக "12 வீதம்தான் ஐயா" என்றார். எனக்குச் சந்தோசம், வேறு இடத்தில் 15 என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 இலட்சம், ஐந்து வருடம், 12 வீதம் என்று சொன்னது முதல் தொகைக்கே ஐந்து வருடமும் போடுகிற வட்டி, அதாவது 12 இலட்சம் வட்டி, மாதம் 53,333 ரூபாய். மற்ற இடத்து 15 வீதம் குறைந்து வரும் மீதிக்குப் போடுகிற வட்டி, அது மாதம் கிட்டத்தட்ட 47,600 ரூபாய்தான். 12 என்று சொன்னதைக் குறைந்து வரும் மீதிக் கணக்கில் பார்த்தால் 20 வீதத்துக்கு மேல் போகிறது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டேன். ஆகவே வீதத்தைக் கேட்காதீர்கள். மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், மதிப்பீட்டுக் காசு, பதிவுக் காசு, ஆவணக் காசு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முன்கூட்டியே கட்டி முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். முடியுமென்றால் மூன்று வருடம் போடுங்கள், அதே 20 இலட்சம் 15 வீதத்தில் மூன்று வருடத்துக்கு மாதம் 69,300 அளவில் வரும், ஐந்து வருடத்தோடு பார்க்க மொத்த வட்டியில் மூன்றரை இலட்சம் மிச்சம். ஆனால் பிள்ளைகள் அனுப்புகிற காசை நம்பி மூன்று வருடம் போடாதீர்கள். அவர்களுக்கும் அங்கே வேலை போகலாம், வீட்டு வாடகை ஏறலாம். உங்கள் ஓய்வூதியத்திலோ கடையிலோ வருகிற காசுக்குள் தவணை அடங்க வேண்டும்.

லீசிங் முடியும்வரை முழுக் காப்புறுதி கட்டாயம், மூன்றாந்தரப்புக் காப்புறுதி எடுபடாது, அதையும் மாதத்துக்குப் பிரித்துத் தவணையோடு கூட்டிப் பாருங்கள். வருடா வருடம் புகைப் பரிசோதனையும் வருமான அனுமதிப் பத்திரமும் இருக்கின்றன.

பிணையாளர் கேட்பார்கள். இதை நான் இலேசாக நினைத்து மச்சானிடம் ஒரு தேநீரோடு கேட்டுவிட்டேன், அவரும் யோசிக்காமல் கையெழுத்து வைத்தார். மூன்றாம் மாதம் என் தவணை ஐந்து நாள் பிந்தியபோது கொம்பனி எனக்கு எடுத்துவிட்டு அடுத்து அவருக்குத்தான் எடுத்தது, அவர் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் வகுப்பில் நின்றிருக்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து தவணைத் திகதிக்கு மூன்று நாள் முதலே கட்டிவிடுகிறேன்.

எண்ணெய்ச் செலவையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2022இல் எண்ணெய்த் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் பங்கிட்டுத் தந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் தந்தார்கள், பெரிய வாகனம் வைத்திருந்தவர்கள் தவித்த நேரத்தில் சின்னக் கார்க்காரர்கள் அந்த 20 லீற்றரில் கிழமையை ஓட்டினார்கள்.

ஒஸ்ரின் இன்னும் கொட்டிலுக்குள் நிற்கிறது, விற்கவில்லை. அப்பா இருந்த கடைசி இரண்டு வருடமும் கிளினிக்குக்கு வேகன் ஆரில்தான் போய்வந்தார், ஒருநாளும் வழியில் நிற்கவில்லை.

கார் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன் இருக்கையில் மூன்று தரம் ஏறி இறங்கட்டும், அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். எந்தக் காரில் உங்கள் கையைப் பிடிக்காமல் எழும்புகிறாரோ அதற்கு முற்பணத்தைக் கொடுங்கள்.