அப்பாவின் புல்லட்டை மறுபடி எழுப்புவது எப்படி?

தஞ்சாவூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா 1984இல் வாங்கிய புல்லட் 350 வீட்டுத் தாழ்வாரத்தில் ஒன்பது வருடமாக நிற்கிறது. அவர் போன பிறகு யாரும் எடுக்கவில்லை. என் மகன் ஓட்ட ஆசைப்படுகிறான். மெக்கானிக், 'இன்ஜினை முழுசாப் பிரிச்சு போர் போட்டு (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து), டேங்க்குக்குப் புது பெயின்ட் அடிச்சிடலாம்' என்கிறார். அப்படித்தான் செய்ய வேண்டுமா? பெட்ரோல் ஊற்றிக் கிக் அடித்துப் பார்க்கலாமா?"

இரண்டுமே வேண்டாம். நின்றுபோன ஒரே காரணத்துக்காக இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. உங்கள் அப்பா கடைசி வரை நன்றாக ஓட்டிய வண்டி என்றால், உள்ளே பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் பெட்ரோல் ஊற்றி உடனே கிக் அடித்தால், ஒன்பது வருடம் கெடாதது ஒன்பது நிமிடத்தில் கெட்டுவிடும்.

காரணம் சொல்கிறேன். அந்தக் காலத்து காஸ்ட் அயர்ன் புல்லட்டில் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனையில் ரோலர் பேரிங் கிடையாது, புளோட்டிங் புஷ் என்ற உலோக வளையம்தான் இருக்கும். ஓயாமல் ஆயில் வந்துகொண்டிருந்தால் அந்தப் புஷ் பல ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும். ஆயில் வராமல் சுற்றினால் சீக்கிரமே தேய்ந்து பிடித்துக்கொள்ளும். என்னிடம் ஒருமுறை வந்த வண்டி, மறுபடி ஸ்டார்ட் செய்த பிறகு இருபது கிலோமீட்டர்கூட ஓடியிருக்கவில்லை. வருடக்கணக்கில் நின்றதைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, அப்படியே ஊருக்கு ஓட்டிப் போயிருக்கிறார்கள். கிராங்க்கையே வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு நல்ல இன்ஜின் அது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். அந்தத் துளை வழியாக முப்பது மில்லி அளவுக்கு மெல்லிய ஆயிலை விட்டு, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். சிலிண்டர் வார்ப்பிரும்பு என்பதால், பிஸ்டன் ரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தில் துரு பிடித்திருக்கலாம். மூன்றாம் நாள் வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். கிக்கரை மட்டும் மிதிக்காதீர்கள். பிஸ்டன் ஒட்டியிருந்தால், மிதிக்கும் வேகத்தில் ரிங் உடையும். அசையவில்லையா, இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு வாரம் காத்திருங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் ஹெட்டைக் கழற்றும் பேச்சு. போர் போடலாமா என்பதைச் சிலிண்டரை அளந்து பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டும். அளக்காமலே போர் போடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒவ்வொரு போருக்கும் சிலிண்டர் சுவர் மெலிந்துகொண்டே போகும்.

பிஸ்டன் அசைந்துவிட்டால் அடுத்தது ஆயில். புல்லட்டில் ஆயில் டேங்க் தனியாகத் தொங்காது, கிராங்க்கேஸின் வார்ப்பிலேயே பின்பக்கம் ஓர் அறையாக இருக்கும். நீண்ட நாள் நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்கு இறங்கிவிடும். குச்சியை விட்டுப் பார்த்து 'ஆயில் குறைந்திருக்கிறது' என்று மேலே ஊற்றிவிடுவார்கள். இறங்கியது கீழேயே கிடக்கும், ஸ்டார்ட் செய்ததும் பிரீதர் (இன்ஜினின் காற்றுப்போக்கி) வழியாகப் பீச்சி அடிக்கும். அதனால் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் திறந்து இரண்டு அறையையும் காலி செய்யுங்கள். ஃபில்டரை மாற்றிப் புது 20டபிள்யூ50 ஆயிலை ஊற்றுங்கள். போல்ட்டைத் திறக்கும்போது அவசரம் வேண்டாம். சில நட்டுகள் பழைய ஆங்கிலேய அளவில் இருக்கும், மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். அந்த அளவுக்கான விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிளக் இல்லாமலே, இக்னிஷனை ஆஃப் செய்து, கிக்கரை நிதானமாக முப்பது நாற்பது தடவை மிதியுங்கள். சிலிண்டர் ஹெட்டுக்கு மேலே போகும் மெல்லிய ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். அங்கே ஆயில் கசிந்து வந்தால் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். கசியும் வரை ஸ்டார்ட் பேச்சே வேண்டாம். இந்த ஆலோசனை முழுவதிலும் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

டேங்க்கில் மிச்சமிருக்கும் பழைய பெட்ரோலைத் திறந்த வெளியில், நெருப்புப் பக்கம் இல்லாமல் வடித்துவிடுங்கள். வார்னிஷ் வாடை வரும். உள்ளே துரு இருந்தால் வெந்நீரில் சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு நாள் ஊற வையுங்கள். அப்புறம் சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடனே கொஞ்சம் ஆயில் விட்டுச் சுழற்றுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாளே செம்மண் மாதிரி துரு பூக்கும். பெட்ரோல் டேப், ரப்பர் பைப், வாஷர் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரையும் கார்க்கையும் கெடுக்கும். எத்தனால் தாங்கும் பைப்பாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

கார்புரேட்டரில் பைலட் ஜெட்தான் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) முதலில் அடைக்கும். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் போதும்.

மின்சாரப் பக்கம் எளிது. உங்கள் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பழைய பேட்டரியிலும் பல்பிலும் பார்த்து, அதே அளவில் புது பேட்டரி போடுங்கள். கான்டாக்ட் பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க் வரவைக்கும் சின்ன ஸ்விட்ச்) முகத்தில் வெள்ளை பூத்திருக்கும், மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, முழுசாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை வையுங்கள். கன்டென்சர் பழசு என்றால் மாற்றிவிடுங்கள். வால்வைத் தூக்கும் டேப்பட்டை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கையில் பாருங்கள். டேப்பட்டுக்கு மேலே நிற்கும் புஷ்ராடு விரலால் சுற்ற வர வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. 'டக் டக்' சத்தம்தான் புல்லட்டுக்கு அழகு என்று லூசாக விடுபவர்கள் இருக்கிறார்கள். அது டேப்பட் அடிவாங்கும் சத்தம்.

இனி கிக். முதலில் கிளட்சைப் பிடித்தபடி நாலைந்து தடவை மிதியுங்கள், ஒட்டியிருக்கும் பிளேட்டுகள் விடுபடும். சாவியைப் போட்டு, ஹெட்லைட் மேலிருக்கும் அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். அந்த இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஷரைப் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் சின்ன லிவர்) பிடித்துக் கிக்கரை ஒரு நூல் மட்டும் கீழே இறக்கி, டீகம்ப்ரஷரை விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, அடிவரை ஒரே மூச்சில் மிதியுங்கள். பாதியில் காலை எடுத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் எலும்பு விட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும். ஷூ இல்லாமல் கிக் அடிக்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம், ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு ஆயிலை மறுபடி மாற்றுங்கள். உள்ளே படிந்திருந்த அழுக்கு அதில்தான் கரைந்து வரும்.

டயரில் எவ்வளவு பட்டன் இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். ஒன்பது வருடம் நின்ற ரப்பர் பிடிக்காது. புது டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். கடையில் அதைப் பார்த்து வாங்குங்கள். பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே உள்ள தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். சாமான்கள் கிடைப்பது கஷ்டமில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை இரண்டிலும் தேடினால் அநேகமாக எல்லாம் கிடைக்கும். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

பெயின்ட் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், தொடாதீர்கள். டேங்க்கில் ஓடும் பொன்னிறக் கோடு திருவொற்றியூர் ஆலையில் ஒருவர் கையால் இழுத்தது. உங்கள் அப்பாவின் முழங்கால் உரசித் தேய்ந்த இடமும் அங்கேதான் இருக்கும். ஷாம்பூ தண்ணீரால் கழுவி மெழுகு போட்டாலே நிறம் எழும். அடித்த பிறகு பழசு திரும்பி வராது.

பேப்பர் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 15 வருடம் முடிந்த ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் படிவம் 25, இறந்தவர் பெயரிலிருந்து மாற்றப் படிவம் 31. வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் கையில் இருக்கட்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் தெருமுனைக்குக்கூட எடுக்க வேண்டாம். 'வின்டேஜ் நம்பர் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். அது 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு.

கடைசியாக உங்கள் மகனுக்கு. இந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய பைக்கில் பழகிய கால் அவசரத்தில் வலதுபக்கம் மிதிக்கும். வண்டி நிற்காது, கியர்தான் மாறும். பக்கத்தில் கோயில் திடலோ பள்ளி மைதானமோ இருந்தால், ஆள் இல்லாத காலை நேரத்தில் ஒரு வாரம் அங்கேயே ஓட்டட்டும். யோசிக்காமலே இடது கால் பிரேக்குக்குப் போகிறதா என்று நீங்கள் நின்று பாருங்கள், அதற்கப்புறம் ரோட்டுக்கு விடலாம்.