உறைபனியும் உலைநீரும்

கேள்வி: நீரின் மும்மைப் புள்ளி (பனிக்கட்டி, நீர், ஆவி மூன்றும் ஒருசேர நிலைத்திருக்கும் நிலை) 611 பாஸ்கல் அழுத்தத்தில் இருக்கிறது என்றும், அதற்குக் கீழே நீராவி திரவமாகாமல் நேரே பனிக்கட்டியாகும் என்றும் பள்ளியில் படித்தோம். ஊட்டியின் காற்றழுத்தமோ அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். அப்படியானால் ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா புல்வெளியில் காணும் உறைபனி, நீர்ப்பனியாக இறங்கிப் பிறகு உறைந்ததுதானா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: பாடநூல்கள் பெரும்பாலும் விளக்காமல் கடந்துவிடும் இடத்தில் உங்கள் ஐயம் எழுந்திருக்கிறது. எந்த அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் நீர் எந்த நிலையில் இருக்கும் என்று காட்டும் நிலைமை வரைபடத்திலிருந்து வருவதுதான் நீங்கள் படித்த விதி. அந்த வரைபடம், காற்றே இல்லாமல் நீர் மட்டும் இருக்கும் மூடிய கலத்துக்காக வரையப்பட்டது. ஊட்டியில் நம்மைச் சூழ்ந்திருக்கும் சுமார் 77,000 பாஸ்கல் அழுத்தத்தில் மிகப் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆக்சிஜனும் தருவது. புல்நுனியில் நீராவி எந்த நிலைக்கு மாறும் என்பதை அந்த மொத்த அழுத்தம் தீர்மானிப்பதில்லை. நீராவியின் பகுதி அழுத்தமே, அதாவது மொத்த அழுத்தத்தில் நீராவி மட்டும் தரும் பங்கே, தீர்மானிக்கிறது. வறண்ட ஜனவரி இரவில் அது 400 பாஸ்கல் என்று கொண்டால், புல் மைனஸ் 5 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்ந்ததும் ஆவி பனிக்கட்டியாகப் படியத் தொடங்கும்; வரைபடத்தில் அந்த இடத்தில் நிலையான திரவம் என்று ஒன்று கிடையாது. காற்றில் ஈரம் மிகுந்து பகுதி அழுத்தம் 611 பாஸ்கலைத் தாண்டியிருந்தால், நீங்கள் சொன்னபடியே முதலில் நீர்ப்பனி இறங்கிப் பிறகு உறையும். அது கண்ணாடி மணிபோல் தெளிவாக இருக்கும். ஊசி ஊசியாக, வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் ஆவியிலிருந்து நேரே வந்தது.

கொதிநிலையில்தான் மொத்த அழுத்தம் கணக்கில் வருகிறது. உலைநீருக்குள் பிறக்கும் குமிழி, மேலே அழுத்தும் காற்று முழுவதையும் எதிர்த்து விரிய வேண்டும். ஊட்டியில் அந்தக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கே என்பதால், நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது, திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகிறது.

வெப்பமானி 2 டிகிரி காட்டும் காலையிலும் புல் வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேகமற்ற இரவில் புல் தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீசி இழப்பதால், ஆள் உயரத்துக் காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குவதால் அங்கே பாதிப்பு இன்னும் கூடும்.

தேயிலை வைத்திருப்பவர்களுக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். உறைபனி நாட்களில் ஸ்பிரிங்க்ளரால் நீர் தெளிப்பது பயன் தருவதற்குக் காரணம் நிலைமாற்றத்தின் உள்ளுறை வெப்பம்தான்: ஒரு கிலோ நீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது, அது இலையைச் சுழியத்துக்கு அருகிலேயே நிறுத்திவைக்கிறது. ஆனால் ஒரு கிலோ நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,500 கிலோஜூலை, அதாவது ஏழு மடங்குக்கும் மேலான வெப்பத்தை, இலையிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் இழுத்துக்கொள்ளும். தெளிப்பு நின்றால் உறைதல் தரும் வெப்பமும் நின்று, இந்த இழப்பு மட்டுமே மிஞ்சும். ஆகவே விடியுமுன் தெளிக்கத் தொடங்கியவர்கள், வெயில் ஏறி இலைமேல் உள்ள பனிக்கட்டி உருகத் தொடங்கும்வரை இடையில் நிறுத்தவே கூடாது.