மூன்று ஓட்டையும் ஒரே கட்சிக்குப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று தேர்தல் முடிவை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியாது. நம் மொரீஷியஸில் தீவின் 20 தொகுதிகளில் ஆளுக்கு 3 ஓட்டு, ஆனால் வெளியே வருவது வேட்பாளர்வாரியான மொத்தக் கணக்குதான். ஒரு பேச்சுக்கு, 15,000 பேர் வாக்களித்த தொகுதியில் ஒரு கட்சியின் மூவருக்கு 9,000, 8,800, 6,000 என்று விழுந்தால், மூவருக்கும் சேர்த்துப் போட்டவர்கள் 6,000 பேராகவும் இருக்கலாம், ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம், இரண்டுக்குமே அந்தக் கணக்கு பொருந்தும்! அதனால் மூன்றாமவருக்கு ஓட்டுக் குறைந்ததைக் காட்டி "கட்சியை விட்டு இனம் பார்த்துத்தான் போட்டார்கள்" என்று அடித்துச் சொல்கிறவர்களை அப்படியே நம்பாதீர்கள்.

சீட்டு சீட்டாகப் பதிவு இருந்தால் கதையே வேறு. சான் பிரான்சிஸ்கோவில் ஸ்கேனர் படித்த ஒவ்வொரு வாக்குச்சீட்டின் பதிவையும் பெயரில்லாமல் வெளியிடுகிறார்கள், யாரோடு யாரைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நேரடியாகவே எண்ணிவிடலாம்.

சரி, இங்கேயும் வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது: ஓட்டுக்குக் காசு கொடுப்பவன் "மூன்றாவது ஓட்டை யாருக்கும் தெரியாத இந்தச் சுயேச்சைக்குப் போடு" என்று ஆளுக்கொரு பெயர் சொல்லி அனுப்பினால், அந்த விசித்திரமான சேர்க்கையே கையெழுத்து மாதிரி ஆகிவிடும், அப்புறம் ரகசிய வாக்கு எங்கே? சாவடிவாரியாக இல்லாமல் தொகுதி முழுவதையும் கலந்து, அரிதான சேர்க்கைகளை மறைத்து வெளியிட்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.