எஸ்எஃப்டிபியில் எல்எஸ் அடித்தால் வருவது என் கம்ப்யூட்டர் ஃபைலா, சர்வர் ஃபைலா?

கேள்வியை முழுசாகப் படித்தேன். கமாண்ட் லைனில் எஸ்எஃப்டிபி (சர்வருக்கு ஃபைல் ஏற்ற, இறக்க உதவும் கமாண்ட்) போட்டு உள்ளே போயாச்சு, ஃபோல்டர் மாற்றவும் தெரியுது, ஆனால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றே புரியவில்லை என்கிறீர்கள். அனேகமாக வேலையில் புதுசு, பக்கத்து சீட்டில் கேட்கக் கூச்சம். நானும் அப்படித்தான் கேட்காமல் இருந்தேன்.

பதில் சின்னது. எல்எஸ் (ஃபைல் பட்டியல்), சிடி (ஃபோல்டர் மாற்ற), பிடபிள்யூடி (எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று பார்க்க) மூன்றும் சர்வர் பக்கம். அதே மூன்றுக்கும் முன்னால் இன்னொரு எல் சேர்த்தால் (எல்எல்எஸ், எல்சிடி, எல்பிடபிள்யூடி) உங்கள் மெஷின் பக்கம். அந்த எல் 'லோக்கல்'.

குழப்பம் உங்கள் தப்பு இல்லை. சாதாரண டெர்மினலில் எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று பிராம்ப்டே (கமாண்ட் அடிக்கிற இடத்துக்கு முன்னால் தெரியும் எழுத்து) பெரும்பாலும் காட்டிக்கொண்டு இருக்கும். இங்கே 'எஸ்எஃப்டிபி' என்று ஒரு பெயர், ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். இரண்டு மெஷின், ஒரே பிராம்ப்ட், இரண்டைப் பற்றியும் வாய் திறக்காது.

2012. கோயம்புத்தூரில் சின்ன கம்பெனி, ஆறு பேர். ஒரு ஜவுளிக்கடையின் வெப்சைட் என் பொறுப்பு. தீபாவளிக்கு முன்னால் புதுச் சேலைப் படங்கள் 340 வந்தன. ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். லேப்டாப்பில் இடம் இல்லை, ஏற்றினதை இங்கே அழித்துவிடலாம் என்று நினைத்தேன். எல்எஸ் அடித்தேன். நான் ஏற்றின அதே பெயர்கள் வரிசையாக வந்தன. சரி, என் ஃபோல்டர்தான் என்று ஆர்எம் ஸ்டார் (எல்லா ஃபைலையும் அழி) போட்டுவிட்டேன்.

கேள்வி எதுவும் கேட்காது. 'ரிமூவிங்' என்று ஒரு வரி, அடுத்த வரி, அடுத்த வரி. பத்துப் பதினைந்து ஓடின பிறகுதான் அந்த வரிகளுக்கு நடுவில் 'பப்ளிக் எச்டிஎம்எல்' என்று, சர்வரில் வெப்சைட் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயர் கண்ணில் பட்டது. என் லேப்டாப்பில் அப்படி ஒரு ஃபோல்டரே கிடையாது. கன்ட்ரோல் சி அடிக்கிறதுக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது.

புதுப் படங்கள் என்னிடம் இருந்தன, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அதே ஃபோல்டரில் மூன்று வருஷத்துப் பழைய படங்களும் இருந்தன, சர்வரில் மட்டும். வெறும் எல்எஸ்ஸுக்குப் பதிலாக எல்எஸ் மைனஸ் எல் (தேதி, சைஸோடு வரும் பட்டியல்) போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆறு மாசத்துக்கு மேல் பழைய ஃபைலுக்கு மணி நிமிஷம் இருக்கிற இடத்தில் வருஷம் வரும். 2009 என்று ஒரு வரி கண்ணில் பட்டிருந்தால் கை நின்றிருக்கும். மைனஸ் எல்டி போட்டால் புதுசு மேலே வரும், மைனஸ் எல்எச் போட்டால் சைஸ் படிக்கிற மாதிரி வரும். இன்னொன்று, எல் சேர்த்த ஆர்எம் என்று ஒன்று எஸ்எஃப்டிபியில் கிடையவே கிடையாது. உங்கள் பக்கத்து ஃபைலை அழிக்கணும் என்றால் ஆச்சரியக்குறி போட்டு அதன் பின்னால் ஆர்எம் அடிக்கணும், இல்லை வெளியே வந்து அழிக்கணும்.

"ஃபைல்ஜில்லா இருக்கே, ஆர்சிங்க் இருக்கே" என்று (ஃபைல் ஏற்ற இருக்கும் வேறு இரண்டு புரோகிராம்கள்) கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: தெரியும் சார், இரண்டையும் நானும் பயன்படுத்துகிறேன். ஷெல் (சர்வரில் நேராக கமாண்ட் அடிக்கும் வசதி) தராமல் எஸ்எஃப்டிபி மட்டும் திறந்துவிடும் சர்வரில் ஆர்சிங்க் ஓடாது. அந்த மாதிரி இடத்தில் ஒரு ஃபோல்டருக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பார்கள், பிடபிள்யூடி அடித்தால் வெறும் சாய்வுக்கோடு வரும், சாதாரணமாக சர்வரின் உச்சி ஃபோல்டருக்கான குறி அது. அதைப் பார்த்து சர்வர் முழுசும் கையில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒருவேளை நீங்கள் இருப்பது பழைய எஃப்டிபியாக இருந்து, லாகின் ஆகுது, சிடி போகுது, எல்எஸ் மட்டும் தொங்குது என்றால் அது வேறு கதை. எஃப்டிபியில் கமாண்ட் ஒரு கனெக்‌ஷனில் போகும், லிஸ்ட் இன்னொரு கனெக்‌ஷனில் வரும். அந்த இரண்டாவதை ஃபயர்வால் தடுக்கும். பேசிவ் மோடுக்கு (அந்த இரண்டாவது கனெக்‌ஷனையும் உங்கள் பக்கத்திலிருந்தே திறக்கும் முறை) மாற்றுங்கள். விண்டோஸோடு வரும் எஃப்டிபி கமாண்டில் அந்த வசதி இல்லை, அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். பேக்கப் இல்லை. பேக்கப்புக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வேணும் என்று நான் மூன்று தடவை மெயில் போட்டிருந்தேன், காசு இல்லை என்றார்கள். அதே மாசம் ரிசப்ஷனில் கண்ணாடிச் சுவரும் மீன் தொட்டியும் வந்தன. எனக்கு மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். தப்பு என்னுடையது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மீன் தொட்டி யாருடைய தப்பு? அந்த மீன்களும் பொங்கல் வரைக்கும் தாங்கவில்லை.

கடைக்காரர் மறுநாள் போன் செய்தார். "தம்பி, பழைய படமெல்லாம் எங்கீங்க போச்சு?"

"சர்வர்ல சின்ன பிரச்சனைங்கண்ணா."

போட்டோகிராபர் வீட்டில் பழைய டிவிடிகளைத் தேடி வாங்கி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து பெயர் மாற்றி ஏற்றினேன். ஒரு டிவிடி கீறல், கடைசிப் படங்கள் வரவே இல்லை. அடுத்த வருஷம் நான் வேலை மாறின பிறகும் அண்ணன் கூப்பிட்டுக் கேட்டார்: "அந்த மயில்கழுத்துக் கலர் பட்டு ஒண்ணு இருந்துச்சுங்களே தம்பி, அது மட்டும் இன்னும் வரலீங்களே?"